எதிர்க்கரை மரங்கள்

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுறேன். நல்லா இருக்கீங்களா? இங்க அம்மா, அண்ணன், நான், பால்கனியில இருக்கிற பதினேழு தொட்டி, எல்லாரும் சௌக்கியம். பதினெட்டாவது தொட்டி செத்துப்போச்சு. அண்ணன் டீ பாத்திரத்துல இருந்த சுடுதண்ணிய அதுல கவுத்துட்டான். கேட்டா "தண்ணிதானே?"ங்கிறான்!

ஒரு உண்மையச் சொல்லிடறேன். பேனா பிடிச்சு லெட்டர் எழுதறது என் வாழ்க்கையிலயே இதுதான் முதல் தடவை. உங்களைப் போயி சிக்னலே இல்லாத காட்டுல சர்வே கேம்ப்புக்குத் தலைவியா போட்டாங்களே, அவங்களுக்கு என் மேல என்ன கோவமோ. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சாமான் ஜீப் போகுதாம். உங்க ஆபீஸ் வாசல்ல டிரைவர் கையில குடுத்தா போதும்னு அண்ணன் சொன்னான். குடுத்துட்டு ரெண்டு டிக் வருதான்னு ஜீப்பையே பாத்துட்டு நிப்பேன்.

எழுத உக்காந்தது ஒரு விஷயத்துக்காக. நான் காலேஜை பாதியில விட்டப்போ அம்மா அழுதாங்க, அண்ணன் என்கூட பேசவே இல்ல. நீங்கதான், கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகல, "அவ மரம் பாக்கட்டும் அத்தை, அதுக்கும் ஆள் வேணும்"னு சொன்னீங்க. நாத்தனாருக்காக மாமியார்கிட்ட வாதாடின அண்ணியை நான் எந்த சீரியல்லயும் பாத்ததில்ல. அதுக்கு நான் தேங்க்ஸ் சொல்லவே இல்ல. இப்ப சொல்றேன். தேங்க்ஸ் அண்ணி.

உங்களுக்கு மரம்னா நிழல், அவ்ளோதான். அதனால பேர் தெரியாத இலை எதைப் பாத்தாலும் லெட்டருக்குள்ள வச்சு அனுப்புங்க, நான் சொல்றேன். நெட்டுல நான் நடத்துற "இலைக்கிறுக்கி" பக்கத்துல இப்ப முந்நூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க. இதுவரைக்கும் ஒரு இலையைக்கூட நான் தப்பா சொன்னதில்ல!!

உங்க தயவுல மரம் பாத்துக்கிட்டு திரியிற,
வாலு


ஜூன் 26

அன்புள்ள வாலுக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலமென்று அறிந்ததில் மகிழ்ச்சி. பதினெட்டாவது தொட்டிக்கு என் அனுதாபம். உன் அண்ணனை அடுப்படியிலிருந்து தள்ளியே வை.

இங்கே நானும் நான்கு ஆட்களும் மூன்று கூடாரங்களும். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பவரைச் சங்கிலிக்காரர் என்போம். கடற்கரை ஊர்க்காரர், மீன் என்றால் நூறு பெயர் சொல்வார், மரம் என்றால் என்னைப் போலத்தான். "மேடம், இதெல்லாம் பச்சையா இருக்கு, அவ்வளவுதான் தெரியும்" என்கிறார்.

என் வேலை என்னவென்று கேட்டுக்கொண்டே இருப்பாயே, சொல்கிறேன். தானாக வளர்ந்த காடு என்றால் வரைபடத்தில் குட்டி மரக்குறிகளைச் சிதறலாகப் போடுவோம். ஆள் நட்டு வளர்த்தது என்றால் அதே குறிகளை வரிசையாக நிறுத்துவோம். வித்தியாசம் அவ்வளவே. ஆனால் இந்தப் பக்கம் ஒரு சாலை வரப்போகிறது. சாலைக்காரர்கள் காட்டுக்கு வரமாட்டார்கள், என் வரைபடத் தாளைத்தான் பார்ப்பார்கள். வரிசையாக இருந்தால் நட்ட மரம், வெட்டிக்கொள்ளலாம். சிதறலாக இருந்தால் காடு, சுற்றிப் போக வேண்டும்.

அதனால் உன் உதவி எனக்கு விளையாட்டு இல்லை. கூடாரத்தின் பின்னால் நிற்கும் மரத்தின் இலை ஒன்று உள்ளே இருக்கிறது. பரீட்சை என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 10

அன்புள்ள அண்ணி,

எப்படி இருக்கீங்க? தூங்குறீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க. சாப்பிடுறீங்களான்னு அண்ணன் கேக்கச் சொன்னான். நான் ரெண்டையும் கேக்கல, இலையை மட்டும்தான் கேக்கறேன், ஆனா ரெண்டுக்கும் பதில் எழுதுங்க.

புங்கம்! பரீட்சைன்னு சொல்லி இவ்ளோ ஈஸியாவா கேள்வி கேப்பீங்க? ஜீப்புக்கிட்டயே நின்னு பிரிச்சேன், டிரைவர் முன்னாடியே கத்திட்டேன். "என்னம்மா, வேலை கிடைச்சிருச்சா?"ன்னு கேட்டாரு. "ஆமாண்ணே"ன்னுட்டேன். பொய் இல்லல்ல?

அந்தக் குறி விஷயத்தைப் படிச்சுட்டு எனக்குத் தூக்கமே போச்சு. ஒரு குட்டிக் குறி வரிசையா நிக்கிறதா கலைஞ்சு நிக்கிறதான்னு ஒரு காடே பொழைக்குமா! நம்ம வீட்டுல செருப்பு கலைஞ்சு கிடந்தா அம்மா திட்டுவாங்க. இனிமே அது காடுன்னு சொல்லிடறேன்.

இன்னும் அனுப்புங்க. கஷ்டமானதா அனுப்புங்க.

உங்க தலைமை மர அதிகாரி (சம்பளம் வேண்டாம்),
வாலு


ஜூலை 28

அன்புள்ள வாலுக்கு,

நலம். நன்றாகத் தூங்குகிறேன். சாப்பிடுகிறேன்.

மழை. ஆறு கரையைத் தொட்டு ஓடுகிறது, என்னால் கடக்க முடியவில்லை. எதிர்க்கரையில் நீளமாக ஒரு மரக்கூட்டம். பட்டை வெளுத்து, எல்லாம் ஒரே உயரத்தில், பள்ளிக்கூடத்தில் அணிவகுத்த மாதிரி நிற்கிறது. சாலையின் நேர்வழி அதற்குள்ளேதான் போகிறது. இரண்டு மழைக்கு நடுவே தண்ணீர் கொஞ்சம் இறங்கியபோது சங்கிலிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் ஒரே ஓர் இலை பறித்து வந்தார். அதைத் துடைத்து, காயவைத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் இருபதுக்குள் இந்தத் தாளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இது நட்டதா, தானாக வளர்ந்ததா? உனக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னி. மேசை ஆடுகிறது.

அண்ணி


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணி!!

நல்லா இருக்கீங்களா, மேசைக்குக் கீழ ஒரு கல்லை முட்டுக் குடுங்க. இங்க எல்லாரும் நலம்.

கவரைப் பிரிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. பாக்கவே வேண்டாம், மூக்கே சொல்லிடுச்சு. தைல மரம்! நீளமான இலை, வெளுத்த பட்டை, அந்த வாசம்! இலை கொஞ்சம் அகலமா இருக்கேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஆனா இளசா இருந்தா தைல மர இலை அகலமாத்தான் இருக்கும், எங்கயோ படிச்சிருக்கேன். ஒரே உயரம்னு வேற சொல்றீங்க. தைல மரம் அங்க தானா வராது, யாரோ வரிசையா நட்டிருக்காங்க. தைரியமா வரிசைக் குறி போடுங்க.

"மோந்தே மரம் சொல்வது எப்படி"ன்னு ஒரு வீடியோவும் போட்டேன். நானூத்தித் தொண்ணூறு பேர் பாத்துட்டாங்க! "மரவட்டை"ன்னு ஒரு ஆள் மட்டும் "இலை காம்போட சேர்ற இடத்துல ரெண்டு சின்னக் கொப்புளம் தெரியுதே, பாத்தீங்களா?"ன்னு கேட்டாரு. சும்மா நோண்டிக்கிட்டே இருந்தாரு. ப்ளாக் பண்ணிட்டேன்.

உங்க அதிகாரப்பூர்வ மூக்கு,
வாலு


ஆகஸ்ட் 22

அன்புள்ள வாலுக்கு,

நலம். அங்கும் நலமென்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே தாளை முடித்து அனுப்பிவிட்டேன். எதிர்க்கரையில் நாற்பத்து மூன்று குட்டி மரங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். அச்சுக்குப் போவது அக்டோபர் பதினைந்தில். இது நான் தலைமையேற்று முடித்த முதல் தாள். களக் குறிப்பேட்டில் "மர அடையாளம்" என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். அந்தக் கட்டத்தை இதுவரை யாரும் நிரப்பியதில்லையாம். எல்லோரும் கோடு போட்டு விட்டுவிடுவார்களாம்.

நீ இல்லாவிட்டால் இந்த மாதம் எனக்குக் கடினமாக இருந்திருக்கும். அதை இங்கே விளக்கப்போவதில்லை. நன்றி என்று மட்டும் எழுதுகிறேன்.

உள்ளே ஒரு மூங்கில் இலை இருக்கிறது. பரீட்சை இல்லை, புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொள்.

அண்ணி


செப்டம்பர் 6

அண்ணி,

நல்லா இருக்கீங்களான்னு இந்தத் தடவை நிஜமாவே கேக்கறேன்.

மூங்கில் இலைக்கு எப்போ இருந்து தைல வாசம் வந்துச்சு?

புத்தகத்துல வைக்கலாம்னு எடுத்தேன். அதே வாசம். லெட்டரை மோந்தேன், அதுலயும் அதே வாசம். அலமாரியில இருந்து ஜூலை லெட்டரை எடுத்தேன், அந்தக் காகிதத்துலயும் இருக்கு. ஜூன் லெட்டர்ல மட்டும் இல்ல.

அது மரத்தோட வாசம் இல்ல அண்ணி. தலைவலிக்கும் சளிக்கும் தேய்க்கிற தைலம். உங்க கை.

அந்த எதிர்க்கரை இலையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். காம்பு சேர்ற இடத்துல ரெண்டு கொப்புளம், மரவட்டை சொன்ன மாதிரியே. அவரை அன்ப்ளாக் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லங்க, நீர்மருதா இருக்கும். ஆத்தங்கரையில தானா வளரும். காய்க்கு அஞ்சு இறக்கை இருக்கும், பாத்தா உறுதி ஆயிடும்"னு சொன்னாரு. நட்டது இல்ல அண்ணி. அது காடு. என் ஒரு மூக்கால நாப்பத்திமூணு மரத்தை வரிசையில நிக்க வச்சுட்டேன், வெட்டுறதுக்கு வசதியா. உண்மையில எத்தனை மரமோ.

அந்த வீடியோவை எடுத்துட்டேன். இல்ல, பொய் சொல்லக்கூடாது. மறுபடியும் போட்டேன், "நான் தப்பா சொன்னது"ன்னு தலைப்பு வச்சு.

இன்னொண்ணு. ஜூலையில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் உங்களுக்கு உடம்பு சரியில்ல. "நலம்"னு எழுதினீங்க. நானும் நம்பிட்டேன்.

ஆறு இறங்காம தாண்டாதீங்க. மரம் முக்கியம்தான், ஆனா நீங்க எங்க வீட்டு ஆளு.

வாலு


செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? ஜீப் வந்துச்சு, லெட்டர் வரல. டிரைவர் அண்ணனைப் பிடிச்சு உலுக்கினேன். "மேடம் நல்லாத்தான் இருக்காங்க"ன்னு தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "அண்ணே, தரை நல்லா இருக்குறது எனக்கும் தெரியுது, மேடத்தைச் சொல்லுங்க"ன்னேன். அப்புறம்தான் உடைச்சாரு. ஜூலைக் கடைசியில பதினோரு நாள் காய்ச்சலாமே. படுத்துக்கிட்டே கணக்குப் போட்டீங்களாமே. வீட்டுக்குச் சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினீங்களாமே!

அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா அவன் நடந்தே வந்துருவான், உங்களைத் தூக்கிட்டு வந்துருவான், தாள் வேற ஆள் கைக்குப் போயிரும். அதனாலதான் நீங்க சொல்லலன்னு புரியுது. புரிஞ்சாலும் கோவமாத்தான் இருக்கு.

உங்க தலைமை ஆபீசுக்குப் போனேன். ஜன்னல்ல இருந்த ஆள் "அளந்தவங்க கையெழுத்து இல்லாம ஒரு புள்ளியைக்கூட மாத்த முடியாதும்மா"ன்னாரு. அடுத்த ஜீப் வர்றதுக்குள்ள பதில் வரலன்னா நானே எழுத்துல குடுக்கப்போறேன், தப்பு என்னுதுன்னு.

பதில் போடுங்க. ஒரு வரி போதும்.

வாலு


அக்டோபர் 4

அன்புள்ள வாலுக்கு,

இப்போது நலம். "இப்போது" என்ற சொல்லைக் கவனி.

உன் செப்டம்பர் ஆறாம் தேதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு இறங்கக் காத்திருந்தேன். பார்க்காமல் பதில் எழுத மனம் வரவில்லை. நீ சொன்னபடியே, தண்ணீர் இடுப்புக்குக் கீழே வந்த பிறகுதான் இறங்கினேன். சங்கிலிக்காரர் ஒரு கையில் கயிறும் மறு கையில் என் செருப்புமாக முன்னால் போனார்.

மரங்கள் வரிசையில் இல்லை, வாலு. தூரத்திலிருந்துதான் அப்படித் தெரிந்தது. உள்ளே போனால் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, வேரை ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு, கூட்டமான கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. நாற்பத்து மூன்று அல்ல. முந்நூறு வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன்.

அங்கே ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் இருந்தார். யார் நட்டது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "யாரு நடுவா? நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்தச் சரிவு பூரா எரிஞ்சு கரியாக் கிடந்துச்சு. அடுத்த மழைக்கு எல்லாம் ஒண்ணா முளைச்சுது. அதான் ஒரே உயரம். இதுங்களும் நானும் ஒண்ணா வளந்தவங்க" என்றார். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். மரங்களைத் தாளில் போடுகிறேன் என்றேன். "போடு, போடு. நல்லா எடம் விட்டுப் போடு" என்றார்.

காய் ஒன்று பறித்தேன். ஐந்து இறக்கை. உள்ளே வைத்திருக்கிறேன், எண்ணிப் பார்.

திருத்தம் இதே ஜீப்பில் போகிறது. நீ அலுவலகத்துக்கு எதுவும் எழுதாதே. இதில் உனக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை.

காய்ச்சல் பற்றி: ஆமாம். பதினோரு நாள். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அண்ணி


அக்டோபர் 16

பெறுநர்: கள முகாம் தலைவி அவர்களுக்கும், "இலைக்கிறுக்கி" என்று கையெழுத்திட்டவருக்கும். ஒரே கடிதத்தின் இரண்டு படிகள்.

வணக்கம். இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்த அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. தவறுகளைத் தலைமுழுகுபவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த மாதம் ஆறாம் தேதி, ஒரே தவறுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடி, ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒருவர், "நேரில் சென்று பார்க்காமல் குறியிட்டது முழுக்க என் பிழை, வேறு எவருக்கும் இதில் பங்கில்லை" என்கிறார். மற்றவர், "சார், தப்பு மொத்தமும் என் மூக்குதான், அண்ணியைத் திட்டாதீங்க ப்ளீஸ்" என்கிறார்.

விளக்கம் கேட்டு யாருக்கு மெமோ கொடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். "ஆற்றைக் கடக்க இயலவில்லை" என்று ஓரத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகும் "சரி" என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஆகவே மெமோவை எனக்கே கொடுத்துக்கொண்டேன்.

வரிசையை நானே அழித்து, மரங்களைச் சிதறலாக என் கையாலேயே போட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு தூரிகை பிடித்தேன், மகிழ்ச்சியாக இருந்தது. தாள் நேற்று அச்சுக்குப் போனது. சாலைக்காரர்களுக்கும் தகவல் போய்விட்டது. அவர்கள் இப்போது தெற்கே பழைய வண்டிப்பாதையை அளக்கிறார்கள்.

தாளோடு வந்த களக் குறிப்பேட்டில், மர அடையாளம் என்ற கட்டத்தில் உள்ள பெயரை அடிக்கவில்லை.

தலைமை வரைவாளர்


நவம்பர் 6

அன்புள்ள அண்ணி,

நல்லா இருக்கீங்களா? (உண்மையச் சொல்லணும்.) இங்க எல்லாரும் நலம்.

தாள் வந்துருச்சு! சாப்பாட்டு மேசையில விரிச்சு நாலு மூலைக்கும் டம்ளர் வச்சோம். ஆத்துக்கு அந்தப் பக்கம் குட்டிக் குட்டியா, கலைஞ்சு கலைஞ்சு நிக்குது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு "இதுல எதுடி நீ காப்பாத்தினது?"ன்னாங்க. "நான் வெட்டப் பாத்தது எல்லாமே அதுதாம்மா"ன்னேன். அம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "பரவாயில்ல, ஒத்துக்கிட்டியே"ன்னாங்க. காலேஜை விட்ட நாள்ல இருந்து அம்மா வாயில இருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை.

அண்ணன்கிட்ட காய்ச்சலைச் சொல்லிட்டேன். அவன் நேரா பால்கனிக்குப் போனான். தொட்டிக்கெல்லாம் தண்ணி ஊத்தினான், பச்சைத் தண்ணி, தொட்டுப் பாத்துட்டு. அப்புறம் "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல"ன்னு தொட்டிகிட்ட சொன்னான். அவனுக்குத் தனியா ஒரு லெட்டர் போடுங்க அண்ணி. தூக்கிட்டு வரமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன், அதே மாதிரி கையில அடிச்சு.

தலைமை வரைவாளர் சார் நல்லவர். ஆனா மூக்கை மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அது மரத்தைத் தப்பா சொல்லுச்சு, உங்களைச் சரியா சொல்லுச்சு. எனக்குத்தான் கேக்கத் தெரியல.

அஞ்சு இறக்கைக் காயைத் தொட்டியில போட்டேன். செத்துப்போன பதினெட்டாவது தொட்டி. முளைக்குமான்னு தெரியாது. முளைச்சா பால்கனிக்கு அடங்காது, அப்போ நம்ம வீடு, அந்தச் சாலை மாதிரி, அதைச் சுத்திப் போகட்டும்.

அன்னைக்கு அம்மாகிட்ட பேசினதுக்கு தேங்க்ஸ். என் பேரை அந்தக் கட்டத்துல எழுதினதுக்கும், தப்புன்னு தெரிஞ்ச பிறகும் எடுக்காததுக்கும் தேங்க்ஸ்.

உங்க,
வாலு


நவம்பர் 21

அன்புள்ள வாலுக்கு,

நலமில்லை. சளி. இடது முழங்காலில் ஒரு வீக்கம்; நேற்று பாறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன், சங்கிலிக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். இரண்டு நாளாகப் பசியில்லை. உங்கள் எல்லோருடைய நினைவாகவும் இருக்கிறது.

ஒரு கடிதத்தை இப்படித் தொடங்க எனக்கு முப்பத்தொரு வயதாகியிருக்கிறது. நான் வளர்ந்த வீட்டில் "நலம்" என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை யோசிப்போம். அதைத் தாண்டி யாரும் படித்ததில்லை, மோந்து பார்த்ததும் இல்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வது? நீ ஒரு தவறு செய்தாய், அதைத் திருத்த வந்த வழியில் என்னைக் கண்டுபிடித்தாய்.

உன் அண்ணனுக்கு ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். நீ பிரித்துப் படிக்காதே.

தை மாதம் பத்து நாள் விடுப்பில் வருகிறேன். அதற்குள் அந்தத் தொட்டியில் ஏதாவது தலையைக் காட்டினால் எழுது.

உள்ளே ஓர் இலை இருக்கிறது. பெயர் தெரியவில்லை. கை கழுவாமல்தான் வைத்தேன்.

அண்ணி